நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறதா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் நாய் இல்லாத வளவு அரிது. வயற்காவல், மாட்டுப்பட்டி, வீட்டு வாசல் என்று எல்லாவற்றுக்கும் நாய் வேண்டியிருக்கிறது. ஆனால் அது நோயுறும்போது முதலில் தெரியும் அடையாளங்களுள் ஒன்றான மிகைத் தாகத்தை, வெயிலின் பெயரைச் சொல்லிக் கடந்துபோகிறவர்களே அதிகம். விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றும் நாட்களிலும் மிருக வைத்திய அலுவலக வாசலிலும் இதைப் பற்றி ஒரே விதமான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மிருக வைத்தியர் நேரில் செய்யும் பரிசோதனையின் இடத்தை இப்பதில்கள் எடுக்க முடியாது. எப்போது அவரிடம் போக வேண்டும், போகும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இவை உதவும்.

எங்கள் நாய் முந்தியைவிடக் கூடத் தண்ணீர் குடிக்கிறது. எவ்வளவு குடித்தால் அது கூடுதல்?

நலமாக உள்ள வளர்ந்த நாய், தன் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளில் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது மிகைத் தாகம் என்றே கொள்ளப்படுகிறது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு 750 முதல் 900 மில்லிலீற்றர் வரை இயல்பானது. அதே நாய் கடையில் விற்கும் 1.5 லீற்றர்ப் போத்தல் ஒன்றின் அளவை ஒரே நாளில் குடித்து முடித்தால் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

எண்ணைவிட மாற்றம் முக்கியமானது. நாளொன்றுக்கு அரை லீற்றர் குடித்துப் பழகிய நாய் சில வாரங்களாக ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கிறது என்றால், அது 100 என்ற கோட்டைத் தாண்டாவிட்டாலும் கவனிக்கப்பட வேண்டியதே. அந்த மாற்றத்தை வைத்தியரால் ஒரு முறை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாள்தோறும் சட்டியில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத்தான் அது தெரியும்.

நாய் ஊரெல்லாம் திரிகிறது. கிணற்றடியிலும் குடிக்கும், வாய்க்காலிலும் குடிக்கும். அதை எப்படி அளப்பது?

இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு மட்டும் நாயை வேலியடைத்த வளவுக்குள் வைத்திருங்கள். கிணற்றடித் தொட்டியையும் வாளிகளையும் மூடி வையுங்கள். அளவு தெரிந்த போத்தலால் ஒரே சட்டியில் ஊற்றி, எத்தனை முறை ஊற்றினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் சட்டியில் மீந்திருப்பதை அளந்து கழித்தால் அன்றைய கணக்கு வந்துவிடும். சட்டியை நிழலில் வைக்க வேண்டும்; கோழியும் பூனையும் அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வளவில் இரண்டு மூன்று நாய்கள் இருந்தால், சந்தேகத்துக்குரியதை மட்டும் பிரித்து வைத்து அளப்பதே சரியாக வரும்.

எடை தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். அளக்கும் நாட்களில் சாப்பாட்டை மாற்றாதீர்கள். வைத்தியர் முன் "நிறையக் குடிக்கிறது" என்று சொல்வதற்கும் "14 கிலோ நாய், மூன்று நாட்களும் 1.7 லீற்றருக்குக் குறையவில்லை" என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

கச்சான் காற்று வீசும் காலத்தில் எல்லா நாயும் தண்ணீருக்கு அலையும்தானே? வெயிலா வருத்தமா என்று எப்படிப் பிரித்தறிவது?

நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடற்சூட்டை வெளியேற்றுகிறது, அவ்வாறு இரைக்கும்போது நீரையும் இழக்கிறது. ஆகவே வறண்ட கோடையில், குறிப்பாக மாட்டின் பின்னால் பகல் முழுவதும் ஓடும் பட்டி நாய், கூடுதலாகக் குடிப்பது இயல்பே.

பிரித்தறிவதற்குச் சலத்தைப் பாருங்கள். வெயிலால் நீரிழந்த நாயின் சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கும். சலம் குறைவாகவும் அடர் மஞ்சளாகவும் இருக்கும். நோயுற்ற நாய் நிறையக் குடித்து, நிறையச் சலம் போகும். அதுவும் நிறமற்று, மணமும் குறைந்து, தண்ணீராகவே போகும். அத்துடன், வெயில் தணிந்த இரவிலும் மழை நாளிலும் தாகம் குறையாமலிருந்தால் காரணம் காலநிலை அல்ல. மாரி தொடங்கி நிலம் குளிர்ந்த பின்னரும் நாய் சட்டியைத் தேடித் தேடி வருகிறது என்றால், நாட்களைக் கடத்தாமல் காட்டுங்கள்.

நாங்கள் சோறும் மீன்கறியும் வைக்கிறோம், சில நாள் கருவாடும் போடுவோம். சாப்பாட்டால் தாகம் கூடுமா?

கூடும். கடையில் வாங்கும் உலர் உணவில் ஈரம் பத்து வீதமளவிலேயே இருப்பதால் அதை உண்ணும் நாய் சட்டியிலிருந்து அதிகம் குடிக்கும். குழைத்த சோற்றில் தண்ணீர் கலந்திருப்பதால் சோறு தின்னும் நாய் குறைவாகக் குடிக்கும். சோற்றிலிருந்து உலர் உணவுக்கு மாறிய வாரத்தில் தாகம் கூடினால் அது எதிர்பார்க்க வேண்டியதே.

கருவாட்டின் கதை வேறு. அதிலுள்ள உப்பு, நாய் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாடிகளைச் சுற்றித் திரியும் நாய்கள் கருவாட்டுக் கழிவைத் தின்றுவிட்டுக் கிடைத்த தண்ணீரையெல்லாம் குடிப்பதும், நல்ல நீர் கிடைக்காதபோது கடல்நீரையே நக்குவதும் உண்டு. உப்பு மிகும்போது வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். உப்பு உணவை நிறுத்தி, நல்ல தண்ணீர் வைத்த ஓரிரு நாளில் தாகம் இயல்புக்குத் திரும்பினால் காரணம் அதுதான். திரும்பாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இரவில் விறாந்தை முழுவதும் சலம் போகிறது. பொழுதுபட்ட பின் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிட்டால் நின்றுவிடும்தானே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதற்கு நேரம் இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

நிறையக் குடிப்பதால் நிறையச் சலம் போகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான நோய்களில் நடப்பது அதற்கு நேர்மாறானது: உடலில் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் சலம் முதலில் போய்விடுகிறது; அந்த இழப்பை ஈடுசெய்யவே நாய் குடிக்கிறது. துருசு பழுதாகித் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கும் குளத்துக்கு, வரும் வாய்க்காலையும் அடைத்தால் என்ன ஆகுமோ அதுவே சட்டியை எடுத்து வைத்த நாய்க்கும் ஆகும். சிறுநீரகம் பழுதான நாய் ஒரே இரவில் ஆபத்தான நீரிழப்புக்கு உள்ளாகலாம். ஓரளவு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த சிறுநீரகம் அதனால் முற்றாகக் கைவிடவும் கூடும்.

விறாந்தை நனைவது துன்பம்தான். நாயை இரவில் முற்றத்திலோ கொட்டிலிலோ படுக்க விடுங்கள், சாக்கு விரித்து மாற்றுங்கள், படுக்கப் போகுமுன் ஒரு முறை வெளியே கூட்டிச் செல்லுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

பத்து வயது நாய். இவ்வளவு காலமும் வீட்டுக்குள் சலம் போனதில்லை, இப்போது போகிறது. வயதானால் அப்படித்தானா?

முதுமை என்பது நோயின் பெயர் அல்ல. வயதான நாயில் மிகைத் தாகத்துக்கும் மிகைச் சலத்துக்கும் அதிகம் காணப்படும் காரணங்களுள் முதன்மையானது நாட்பட்ட சிறுநீரக நோய். இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சிறுநீரகத்தின் இயங்கு பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இழக்கப்படும்போதே சலத்தைச் செறிவாக்கும் ஆற்றல் குறைந்து தாகம் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் உயர்வது நான்கில் மூன்று பங்கு இழந்த பிறகே. அதாவது, வழக்கமான இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுப்பதற்கு முன்னரே தண்ணீர்ச் சட்டி காட்டிக்கொடுக்கிறது. அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் நாய்க்கு நல்ல காலம் நீளக்கூடும்.

மெலிவு, வாய் நாற்றம், சாப்பாட்டில் விருப்பமின்மை, காலை வாந்தி ஆகியவை பின்னால் வருபவை. இழந்த பகுதியை மீட்க முடியாது, மீந்திருப்பதைக் காக்கலாம். எலும்பு, மீன்தலை, கருவாடு போன்ற பொசுபரசும் உப்பும் மிகுந்தவற்றைக் குறைப்பது அதில் ஒரு பகுதி. ஆனால் புரதத்தை முற்றாக நிறுத்தி வெறுஞ்சோறு மட்டும் போட்டால் நாய் தன் தசையையே இழக்கும். எவ்வளவு குறைப்பது என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியரே சொல்ல வேண்டும்.

சலம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. நாய்க்கும் சீனி வருத்தம் வருமா?

வரும். நடுத்தர வயதைக் கடந்த நாய்களில், அதிலும் கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில், நீரிழிவு அதிகம். இரத்தச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 முதல் 220 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சீனி சலத்தில் கலக்கிறது. தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. நாய் நிறையச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் இந்தச் சந்தேகம் வலுக்கும். கண் வெண்மையாகிப் பார்வை மங்குவதும் நாய்களில் இந்நோயோடு அடிக்கடி சேர்ந்து வருவது.

எறும்பு மட்டும் சான்றாகாது. சீனி இல்லாத சலத்திலும் எறும்புக்கு வேண்டியவை இருக்கின்றன. சீனி உள்ள சலத்தில் எறும்பு வராமலும் போகலாம். சலத்தில் தோய்க்கும் சோதனைத் தாள் ஒன்று சில நிமிடங்களில் விடை தரும்போது எறும்பை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மா குடிக்கும் சீனி மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா? பாகற்காய்ச் சாறு?

இரண்டும் வேண்டாம். நாய்க்கு வரும் நீரிழிவில் பெரும்பாலும் இன்சுலினே சுரக்காமல் போய்விடுகிறது. இருக்கும் இன்சுலினை வேலை செய்ய வைக்கும் மாத்திரைகளால் பயனில்லை. பாகற்காயும் இன்சுலினைத் தராது. பெரும்பாலான நாய்களுக்கு நாளுக்கு இரண்டு முறை, சாப்பாட்டை ஒட்டி, இன்சுலின் ஊசி வேண்டும். வீட்டில் உள்ளவர்களே போடப் பழகலாம். வயல் வேலைக்கு நடுவிலும் இதைத் தவறாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அளவை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். இன்சுலின் சூடுபட்டால் வலுவிழக்கும், ஆகவே குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டினர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட நாய் தள்ளாடினால், நடுங்கினால், மயங்கினால் சீனி மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். ஈறில் தேனோ சீனிப்பாகோ தடவி உடனே கொண்டு செல்லுங்கள்.

பெட்டை நாய்க்கு இரத்தம் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இப்போது படுத்தே கிடக்கிறது, சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறது. ஓய்வெடுத்தால் சரியாகுமா?

இதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. இணைசேரும் பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள், கருத்தடை செய்யாத பெட்டை நாயின் கருப்பையில் சீழ் கட்டுவது உண்டு. அங்கே பெருகும் பற்றீரியாவின் நஞ்சு சிறுநீரகத்தைப் பாதித்து, சலத்தைச் செறிவாக்க விடாமல் தடுக்கிறது. இந்நோயில் தாகம் வருவது அதனால்தான். பின்புறத்தில் சீழோ நாற்றமுள்ள கசிவோ தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் உப்பினால் அது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது.

உறுதியான சிகிச்சை, கருப்பையை அறுவை செய்து அகற்றுவதே. குட்டித்தாய்ச்சி என்று நினைத்து வைத்திருந்து, கடைசி நேரத்தில் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பது மனத்துக்கு மிகவும் வேதனை தருவது. பருவம் வந்த தேதியைக் கலண்டரில் குறித்து வைக்கும் சிறிய பழக்கம் இங்கே ஓர் உயிரைக் காக்கும்.

அதற்குக் குட்டி போடாமலிருக்க ஊசி போட்டிருக்கிறோமே, அப்போதும் வருமா?

அந்த ஊசி ஆபத்தைக் கூட்டுகிறது. குட்டித் தடை ஊசியில் உள்ள ஹோர்மோன், முந்திய பதிலில் சொன்ன கருப்பைச் சீழுக்கு இடம் கொடுக்கிறது. நீரிழிவையும் முலைக்கட்டிகளையும் தூண்டவும் கூடும். ஊசி போட்ட பெட்டை நாய்க்குத் தாகம் கூடினால், ஊசி போட்ட மாதத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நிலையான கருத்தடை அறுவையே பாதுகாப்பான வழி.

சொறிக்கு ஊசி போட்டு மாத்திரையும் தந்தார்கள். அன்றிலிருந்து தண்ணீரும் சோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மருந்தை நிறுத்தவா?

அரிப்புக்குத் தரப்படும் ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் தாகத்தையும் பசியையும் சலத்தையும் கூட்டும். இது பலருக்கும் முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை. நீண்ட நாள் கொடுத்த ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்து விழலாம்; படிப்படியாகவே குறைக்க வேண்டும். எனவே தந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீர்க்கட்டுக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ஃபுரோசமைட், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனோபார்பிட்டல் ஆகியவையும் தாகத்தைக் கூட்டுபவையே.

மருந்தே கொடுக்காமல் இதே தோற்றம் வந்தால், அதாவது வயிறு தொங்கி, இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, எப்போதும் இரைத்துக்கொண்டு, நிறையக் குடித்தால், உடலே ஸ்டீரொயிட் ஹோர்மோனை மிகையாகச் சுரக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

வயலில் எலி பிடித்துத் தின்கிற நாய். மாரியில் காய்ச்சல் வந்து, நிறையக் குடித்து, கண்ணும் மஞ்சளாகியிருக்கிறது. எங்களுக்கும் தொற்றுமா?

தொற்றும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எலிக்காய்ச்சலை நினைக்க வைக்கின்றன. அதன் கிருமி எலியின் சலத்தோடு வெளியேறி, வெள்ளநீரிலும் வயற்சேற்றிலும் உயிரோடிருந்து, காயத்தின் வழியாகவும் கண், வாயின் மென்தோல் வழியாகவும் மனிதருக்கும் நாய்க்கும் புகுகிறது. சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்குகிறது. 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்றே உறுதியானது. நெல் விளையும் வன்னியில் இதை ஒவ்வொரு மாரியிலும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

நாயை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு, நேரத்தோடு தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இடமிருக்கிறது. அதன் சலத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள். கையுறை அணிந்து, தொற்றுநீக்கி ஊற்றிக் கழுவுங்கள், பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விடாதீர்கள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலோ கெண்டைக்கால் நோவோ வந்தால், நாய்க்கு இருந்த நோயையும் சொல்லி வைத்தியசாலையில் காட்டுங்கள். வயலில் இறங்குபவர்களுக்குத் தரப்படும் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தான டொக்ஸிசைக்ளின் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அரசு இலவசமாக ஏற்றும் ஊசி விசர்நோய்க்கு மட்டுமே உரியது. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு, தனியாக வாங்கி ஏற்றும் கூட்டுத் தடுப்பூசிகளில் அடங்கியுள்ளது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

தண்ணீர் குடிக்கிற நாய்க்கு விசர் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பக் கூடாது. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது விசர்நோய் பிடித்த மனிதரிடம் காணப்படும் அறிகுறி. விசர் பிடித்த நாய் தண்ணீரை அணுகும், நக்க முயலும், நீரில் இறங்கவும் செய்யும். தொண்டைத் தசை செயலிழந்தால் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், கீழ்த்தாடை தொங்கும். குடிக்க முயன்றும் குடிக்க முடியாமல் நிற்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கை விடுவது மிகவும் ஆபத்தானது. கடித்தாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ, அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எங்கள் பகுதியில் மனிதருக்கே சிறுநீரக வருத்தம் இருக்கிறது. நாய்க்கும் கிணற்றுத் தண்ணீரால்தான் வந்ததா?

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவதால் இந்த அச்சம் இயல்பானது. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைக்கும்போது ஏற்படும் நீரிழப்பு என்று பலவும் ஆராயப்பட்டுள்ளன. எந்த ஒன்றும் தனிக் காரணமாக உறுதிப்படவில்லை. மனிதரின் நோய்க்கே நிலை இதுவானால், உங்கள் நாயின் நோய்க்குக் கிணறுதான் காரணம் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. முதுமையில் சிறுநீரகம் பழுதாவது, நல்ல தண்ணீர் உள்ள நாடுகளின் நாய்களுக்கும் நேர்வதே.

வீட்டினர் ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் நாய்க்கும் அதையே ஊற்றுங்கள், கேடில்லை. ஆனால் தண்ணீரை மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கரையோரத்துச் சவர்க்கிணற்று நீர், கருவாட்டைப் பற்றிச் சொன்னதைப் போல, உப்பாலேயே தாகத்தைக் கூட்டக்கூடியது.

குட்டிகளும் பால் கொடுக்கும் தாய் நாயும் நிறையக் குடிக்கின்றனவே?

அது வேண்டியதே. பால் சுரக்கும் தாய்க்குத் தண்ணீர்த் தேவை பெருமளவு கூடும். குட்டிகள் தம் எடைக்கு ஏற்ப வளர்ந்த நாயைவிட அதிகம் குடிக்கும். குட்டி துவண்டாலோ வளர்ச்சி நின்றாலோ மட்டும் காட்டுங்கள்.

குடித்த தண்ணீரை உடனே வாந்தி எடுக்கிறது. திரும்பவும் குடிக்கிறது. ஜீவனியோ இளநீரோ கொடுக்கலாமா?

வாந்தியாலும் கழிச்சலாலும் நீரிழந்த நாய் ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும், நிறைந்த வயிறு அதைத் திருப்பித் தள்ளும். இங்கே தண்ணீரை நிறுத்தாமல், சில மேசைக்கரண்டி அளவாக, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். பையில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்த ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலையும் அவ்வாறே சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரக நோய் உள்ள நாய்க்கும், சலம் போகாத நாய்க்கும் அது ஆகாது.

சிறிதளவும் வயிற்றில் தங்காவிட்டால், வாந்தியிலோ கழிச்சலிலோ இரத்தம் தெரிந்தால், தண்ணீருக்கு முன் தலை குனிந்து நின்றும் குடிக்காவிட்டால் வாய்வழி மருந்து போதாது. சேலைன் ஏற்ற வேண்டியிருக்கும். தடுப்பூசி போடாத குட்டியானால் பார்வோ என்ற வைரசுக் கழிச்சல் நோயாக இருக்கலாம், அதற்கு ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

புடையன் கடித்துப் பிழைத்த நாய். கால் வீக்கமும் வற்றிவிட்டது. இரண்டு வாரமாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறது, இது எதனால்?

புடையனின் நஞ்சு இரத்தத்தை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. கடித்த முதல் நாட்களில் சலமே போகாமலிருந்து, பிறகு சிறுநீரகம் தேறும் கட்டத்தில் சலம் மிகையாகப் போவதுண்டு. தேறி வருகிறதா, நிலையான பழுது தங்கிவிட்டதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. சலத்தின் செறிவையும் கிரியேட்டினினையும் சில வார இடைவெளியில் இரு முறை பார்த்தால் தெரியும். அதுவரை தண்ணீர் தடையின்றி இருக்கட்டும்; வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், மனிதருக்கான பல வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்குபவை.

வைத்தியர் இருப்பது தூரத்தில். ஒரு முறைதான் போக முடியும். எதைக் கொண்டுபோக வேண்டும்?

காலையில் முதலில் போகும் சலத்தைக் கொண்டு போங்கள். அதுவே அன்றைய நாளின் செறிவான சலம். அதுவும் தண்ணீராக இருந்தால் சிறுநீரகம் செறிவாக்கவில்லை என்பது வெளிப்படும். கையுறை அணிந்து, நீண்ட காம்புள்ள சுத்தமான கரண்டியை நாய் சலம் போகும்போது பின்னாலிருந்து நீட்டிப் பிடித்து, கழுவி உலர்த்திய சிறு போத்தலில் ஊற்றி மூடுங்கள். ஓரிரு மணித்தியாலத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதமானால் குளிரில் வையுங்கள். சமையலுக்குப் பயன்படும் கரண்டி வேண்டாம்.

அத்துடன் நீங்கள் அளந்த கணக்கு, நாயின் வயது, கொடுத்த மருந்துகளின் உறைகள், பெட்டையானால் கடைசிப் பருவம் வந்த தேதி, வயலுக்கும் குளத்துக்கும் போகிற நாயா என்ற தகவல், உண்ணி இருந்ததா என்பது. சலம் கருஞ்சிவப்பாக இருந்தாலோ ஈறு வெளிறியிருந்தாலோ உண்ணிக்காய்ச்சலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தை மனித ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்க நேர்ந்தால், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பளவுகள் மனிதருக்குரியவை. அவற்றை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாப் பரிசோதனையும் சரி என்கிறார்கள். ஆனாலும் வாளி வாளியாகக் குடிக்கிறது. இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இன்னும் சில இருக்கின்றன. இரத்தத்தில் கல்சியம் கூடுவது அவற்றுள் ஒன்று. சில புற்றுநோய்களின் மறைவான அடையாளம் அது, கேட்டாலொழியப் பார்க்கப்படாமலும் போகலாம். சலத்தைச் செறிவாக்கும் ஹோர்மோன் மூளையிலிருந்து சுரக்காத, அல்லது சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காத அரிய நோயும் உண்டு.

நோயே இல்லாமல் பழக்கத்தால் குடிக்கும் நாய்களும் உள்ளன. பகலெல்லாம் சங்கிலியில் கட்டப்பட்டு, செய்வதற்கு ஒன்றுமின்றி, எட்டும் தூரத்தில் சட்டி மட்டும் உள்ள நாய் அதையே வேலையாக்கிக்கொள்ளும். அவிழ்த்துவிட்டு நடத்திச் சென்று, பேச்சுத்துணை கொடுத்த சில வாரங்களில் தாகம் குறைவதைக் காணலாம். ஆனால் இந்த முடிவுக்கு மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகே வர வேண்டும். தண்ணீரை நிறுத்தி வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. சட்டியை எடுத்து வைப்பது பற்றி முன்பு சொன்ன காரணத்தால், அதை வைத்தியரின் கண்காணிப்பில் தவிர வேறெங்கும் செய்யக் கூடாது.

சிறுநீரக வருத்தம் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த வாரம் தாகம் தானாகக் குறைந்துவிட்டது. குணமாகிவிட்டதா?

மற்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நாய் நன்றாகச் சாப்பிட்டு, எடை கூடி, உற்சாகமாக எழுந்து வந்தால் தாகம் குறைந்தது நல்ல செய்தியாக இருக்கலாம். சாப்பாடும் குறைந்து, வாய் நாறி, படுத்த இடத்திலேயே கிடந்தால் நாய்க்குக் குமட்டல் அதிகமாகி, குடிக்க முடியாத நிலைக்கு வந்திருக்கிறது. சலம் போவது தொடர்வதால் உடல் விரைவாக வறளும். தோளுக்கு மேல் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மெதுவாக இறங்கினால் நீரிழப்பு ஏற்பட்டுவிட்டது. மெலிந்த முதிய நாயில் தோல் எப்போதும் தளர்ந்தே இருக்கும் என்பதால் ஈறையும் தொட்டுப் பாருங்கள். ஈரமின்றி ஒட்டினால், அடுத்த மருந்து நாள் வரை காத்திராமல், அன்றைக்கே சேலைன் ஏற்றுவதற்குக் கொண்டு செல்லுங்கள். கடைசியாகச் சலம் எப்போது போனது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதுதான்.